இருபத்தைந்தாம் தேதி

இருபத்தைந்தாம் தேதி மாலைக்குள்
அடுத்த மாதம் என் போனுக்கு வந்துவிடும்
கட்டம் கட்டமாக.
பச்சைக் கட்டம் என்றால் வீடு.
மொத்தம் எட்டுப் பச்சை,
அதில் இரண்டு தூங்கி எழுவதற்குள் தீர்ந்துவிடும்.

தஞ்சாவூர், மருத்துவக்கல்லூரிச் சாலை, மாடி வீடு.
இரவு இரண்டே காலுக்கு அலாரம்.
செங்கிப்பட்டி டீக்கடையில்
தோளில் மூன்று பட்டையைப் பார்த்துவிட்டு
“மெர்ச்சன்ட் நேவியாம்மா?” என்றார் ஒருநாள்.
ஆமாம் என்றேன்.
அந்த நேரத்தில் திருத்துவதற்குத் தெம்பில்லை.

திருச்சியில் முதல் வேலை ஊதுவது.
குழாயில் ஊதி, பூஜ்யம் என்று காட்டினால்தான்
அன்றைக்கு நான் விமானி.
இருமல் மருந்து குடித்துப் பல வருடமாகிறது.
ரம் ஊற்றிய கிறிஸ்துமஸ் கேக்கைத் தொடாததற்கு
மாமியாரிடம் இன்னும் பேச்சு வாங்குகிறேன்.

சம்பளம் மணிக்கணக்கு.
சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் கட்டையை எடுத்தால்
மணி ஓடும்
திரும்பக் கட்டை வைத்தால் நிற்கும்.
சென்னையில் மூன்றரை மணி நேரம்
நாற்காலியில் முதுகு வலிக்க இருந்ததும்
யூனிபார்மோடு கடைசி வரிசையில் பயணியாகப் பெங்களூர் போனதும்
“கோ-பைலட்தானே, நீங்க ஓட்டலையா?” என்ற
பக்கத்து சீட்டுக்காரருக்கு விளக்கம் சொன்னதும்
அந்த மணியில் சேராது.
போன மாதம் வானத்தில் எழுபத்தோரு மணி நேரம்.
தரையில் எவ்வளவு என்று நான் கூட்டிப் பார்ப்பதில்லை.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஹைதராபாத்தில்
ஒரு பெட்டிக்குள் உட்காரவைத்து
என் இன்ஜினுக்குத் தீ வைப்பார்கள்.
அதையும் அணைத்துவிட்டு வந்து
துணி காயப்போட வேண்டும்.

நாற்பது தடவை சிங்கப்பூர் போயிருக்கிறேன்.
நான் பார்த்த சிங்கப்பூர்
ஓட்டல் அறையின் கனத்த திரைச்சீலை.
என் பின்னால் உட்கார்ந்து வந்த
கூத்தாநல்லூர்க்காரர்களுக்கு
அந்த ஊரில் சந்துபொந்தெல்லாம் தெரியும்.

ஸ்டேண்ட்பை நாள் இன்னும் மோசம்.
கொண்டை போட்டு, கறுப்புப் பேண்ட் மாட்டி
எங்கேயும் போகாமல் இருக்க வேண்டும்.
பூண்டி மாதா கோயிலுக்குப் போய்வரலாம் என்றால்
கூப்பிட்டால் ஒன்றரை மணிக்குள் திருச்சியில் நிற்கணும்.
ஆகவே யூனிபார்மில் மாவு அரைக்கிறேன்.

அமலன் நீர்வளத்துறையில்.
அவருக்குத் தண்ணீருக்கே ரோஸ்டர் போடும் வேலை.
ஆறு நாள் காவிரிக்கு, ஆறு நாள் வெண்ணாற்றுக்கு
முறை வைத்து விடணும்.
கடைமடைக்கு எட்டவில்லை என்று நடுராத்திரி போன் வரும்
பைக்கை எடுத்துக்கொண்டு மதகடிக்குப் போய்விடுவார்.
எங்கள் வீட்டில் யார் போன் அடித்தாலும்
இரண்டு பேரும் எழுந்து உட்காருவோம்.
ஜுரத்தில் நான் நாலு நாள் படுத்திருந்தபோது
இனிகோ கேட்டான்:
“அம்மா, உன்னையும் அடைச்சுட்டாங்களா?”

ஆவணியில் ஒரு விடியல்.
சிங்கப்பூரிலிருந்து திரும்பி, நாகப்பட்டினத்தில் கரை தொட்டு
மேற்கு பார்த்து இறங்குகிறோம்.
பத்தாயிரம் அடிக்குக் கீழே
வேலைப்பேச்சு தவிர வேறு பேச்சு கூடாது.
தஞ்சாவூர் வருவது எட்டாயிரத்தில்.
அதனால் நாலு வருடமாக எந்த கேப்டனிடமும்
அதோ எங்கள் தெரு என்று நான் சொன்னதில்லை.

அன்றைக்கு இடதுபக்கம் ஒரு கோடு பளீரென்றது.
வெண்ணாறு.
காவிரிப் பக்கம் மங்கிக் கிடந்தது.
முந்தாநாள் நான் கிளம்பும்போது இது நேர்மாறு.
முறை மாறியிருக்கிறது.
அப்படியென்றால் அமலன் ராத்திரி வீட்டில் இல்லை.
அப்படியென்றால் இனிகோ—

“பிளாப்ஸ் ஒன்று” என்றார் கேப்டன்.
வேகத்தைப் பார்த்து
“பிளாப்ஸ் ஒன்று” என்று லீவரை இறக்கினேன்.

கட்டை வைத்து, மணி நின்றதும்
கீழ்வீட்டு மைமூன் அக்காவுக்குப் போன் போட்டேன்.
“இனிகோ சாப்பிட்டானா?”
“இப்பத்தான் இடியாப்பம். ஆமா,
இவன் இங்க இருக்கான்னு உனக்கு யாரு சொன்னா?”

ஆறு என்றால் நம்ப மாட்டார்.
அமலன் என்றேன்.